வாசலோர இடம்

“சம்மதம்னா கையத் தூக்குங்கத்தா. கூடுதல் பேரு என்ன சொல்றீகளோ, அதான் முடிவு” என்றான் போர்மேன் சங்கையா.

பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைக்கும் அறைக்குள் நான்கு பெண்கள் இருந்தார்கள். வெளிச்சுவரில் சிவப்புப் பெயிண்டில் ‘ஆட்கள் 4’ என்று எழுதியிருந்தது. தீப்பிடித்தால் ஓடித் தப்ப அவ்வளவு பேருக்குத்தான் வழி.

சீசன் ஆர்டர் முடியவில்லை. இன்னும் நான்கு பேரை உள்ளே உட்கார வைக்க வேண்டுமாம். அந்த நால்வரும் தூக்குவாளியோடு வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதல் கை உயர்ந்தது. அடுத்து இன்னொன்று.

அலுமினியப் பொடி படிந்த விரல்களில், போன மாதம் வைத்த ஓட்டு மை இன்னும் தெரிந்தது.

மூன்றாவது கை தயங்கித் தயங்கி மேலே போனது. ராமுத்தாய் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

அவள் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

“மூணுக்கு ஒண்ணு. சோலி முடிஞ்சுது. ஜனநாயகம்னா இதான்த்தா.” சங்கையா சிரித்தபடி ஒரு சாக்கை எடுத்துச் சுவர் எழுத்தின் மேல் தொங்கவிட்டான்.

“என் உசுரு போறதுக்கு அடுத்தவுக கை தூக்குனாப் போதுமாக்கும்? மாரியாத்தா குடுத்த உசுருய்யா இது. இத ஓட்டுக்கு விட நீ யாரு?” என்றாள் ராமுத்தாய்.

“புடிக்கலைன்னா கெளம்பு. ஒன்னைய யாரு கட்டிப் போட்டா? அம்புட்டுச் சுதந்திரமும் ஒனக்கு இருக்குல்ல.”

அறையில் மூத்தவள் என்பதால் வாசலோர இடம் ராமுத்தாயுடையது. ஓடுவதென்றால் ஒரே எட்டு. அவள் எழுந்தாள்.

“வாறவுக வாங்க.”

யாரும் அசையவில்லை.

வெளியே வந்தபோது உடம்பெல்லாம் கொதித்தது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கேட் வரை போனாள். வாட்ச்மேன் திறந்துவிட்டார். வெயிலில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது.

அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

சங்கையா வாய்க்குள் சிரித்துக்கொண்டு வழிவிட்டான்.

அறைக்குள் இப்போது முழங்கால்கள் இடித்துக்கொண்டன. புதிதாக வந்தவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்களே தவிர, அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

மூன்றாவதாகக் கை தூக்கியவள் உள்மூலையில், மருந்துத் தட்டை ஒட்டித் தலை குனிந்திருந்தாள்.

“எந்திரி. வாசல்ல போய் உக்காரு.”

“போர்மேன் என் மூஞ்சியவே பாத்தாரும்மா... அதான்...”

“அம்மா சொல்றதக் கேளு.”

மகள் எழுந்து போனாள்.

ராமுத்தாய் அந்த மூலையில் உட்கார்ந்தாள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மருந்துக்கு முன்னால் கை நடுங்கக் கூடாது. மூச்சை ஒருமுறை இழுத்து விட்டாள்.

பச்சைப்பிள்ளையின் உச்சந்தலையைத் தொடுவதுபோல், மெல்ல, முதல் கரண்டி மருந்தை அள்ளினாள்.