வெளியே போகும் காரணம்

பொழுதுபோக்குப் பூங்காவைப் பெரிதாக்குகிறோம் என்று தெருவை அடைத்தவர்கள், தடுப்புக்கு அருகே ஒரு நோட்டையும் வைத்திருந்தார்கள். வெளியே போகிறவர்கள் அதில் காரணம் எழுத வேண்டும். தையல்காரி தினமும் "உங்க அப்பன் வீட்டு ரோடா?" என்றுதான் எழுதுவாள். அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று, ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அது நடந்து மூன்று மாதம்.

இன்று பேனாவை எடுத்தவள் மேல்வரியைப் பார்த்தாள். அவர் பெயர், இடது பக்கம் சாயும் அவர் எழுத்து. காரணம்: ஆம்புலன்ஸ் வருதான்னு பார்க்க.

"இதை யாரு எழுதினது?"

"உங்க வீட்டு நம்பர்தானேக்கா போட்டிருக்கு," என்றான் புதிதாக வந்த காவலாளி. "காலையில போனாரு. வந்ததும் திரும்பின நேரத்தை எழுதச் சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு விடமாட்டோம்."