வெள்ளி டம்ளரில் விஸ்கி

"புதினாவை நன்னாக் கசக்கிப் போடு. வாசனை தெரியப்படாது," என்றார் மிராசுதார் வாஞ்சிநாதன், சமையலறைப் படிக்கு இந்தப் பக்கம் நின்றபடி. துண்டில் சுற்றியிருந்த விஸ்கி பாட்டிலைப் பாம்புக் குட்டியைக் கொடுப்பதுபோல் மனைவியிடம் நீட்டினார்.

அகிலாண்டம் அதை இரண்டு விரலால் வாங்கினாள். "புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா இந்தக் கண்றாவி வேணுமா?"

"உன் தம்பி மிலிட்டரி கோட்டாவில வாங்கிக் குடுத்ததுதானே? அவன் சொன்ன மாதிரியே கலந்துடு. எலுமிச்சம்பழம், இஞ்சிச் சாறு, சர்க்கரை, மேல கோலி சோடா. சர்பத் மாதிரி உள்ளே இறங்குமாம். அப்புறம்தான் மண்டைக்கு ஏறுமாம்."

"சர்க்கரை தீர்ந்துபோச்சு. வெல்லம் போடட்டுமா?"

"எதையோ போடு. கலியபெருமாள் மயங்கினாச் சரி."

கலியபெருமாள் செங்கொடிச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். அறுக்கும் ஒவ்வொரு கலத்துக்கும் கூலியில் ஒரு படி நெல் கூடுதலாகக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ஆட்களோடு உட்கார்ந்துவிட்டார். குறுவைப் பயிரோ முற்றிச் சாய்ந்து கிடந்தது. மேற்கே மேகம் வேறு கருத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை பிடித்துக்கொண்டால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அதனால்தான் வாஞ்சிநாதன் அவரைப் பேச்சுக்கு வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார். போதையில் பழைய கூலிக்கே தலையாட்ட வைத்துவிடலாம் என்று நினைப்பு.

கொல்லை வேப்பமரத்து நிழலில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. கலியபெருமாள் வந்து நுனியில் உட்கார்ந்தார். உள்ளே பூஜை அறையில் மணி கிணுகிணுத்தது. கலந்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார் வாஞ்சிநாதன்.

அகிலாண்டம் கொண்டுவந்த தட்டில் இரண்டு வெள்ளி டம்ளர்கள் இருந்தன. இரண்டும் ஒரே ஜோடி. வாஞ்சிநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலியபெருமாள் தம் டம்ளரை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"விஸ்கி. வெயிலுக்கு இதமா இருக்கும். பழக்கம் உண்டோல்லியோ?"

கலியபெருமாள் பிறந்ததிலிருந்து சோடாவுக்கு மேல் எதையும் தொட்டதில்லை. மிராசுதார் முன்னால் அதை ஒப்புக்கொள்ள ரோஷம் விடவில்லை. "நமக்கென்னங்க, புதுசா?" என்றார்.

"எனக்கும் தினப்படிதான்," என்றார், அதை முகர்ந்துகூடப் பார்த்திராத வாஞ்சிநாதன்.

உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் கிணற்றில் இறக்கிக் குளிரவைத்த சோடா மூக்கில் ஏறியது. இஞ்சி தொண்டையில் சுருக்கென்றது. டம்ளர் காலியானதே தெரியவில்லை. அகிலாண்டம் மறுபடி நிரப்பினாள். அதற்குப் பிறகும் நிரப்பினாள்.

"ஏறுதுங்க," என்றார் கலியபெருமாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"ஆமாம்ப்பா. வேப்பமரம் ஆடறது பாரு."

"காத்துங்க."

"காத்தில்லே. விஸ்கி."

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது வாஞ்சிநாதனின் கண் கலங்கியிருந்தது. "தோழர்! குடமுருட்டி ஆத்துல முழுகப்போன என்னைத் தலைமயிரைப் பிடிச்சுத் தூக்கினது உங்கப்பா அய்யாவு. இல்லேன்னா நான் ஏது? அந்த ஒரு படியை வாங்கிக்கோ."

"வேண்டாங்க. எம் பொஞ்சாதி அமிர்தம் ஜுரத்துல கெடந்தப்ப தினம் மிளகுரசம் குடுத்தனுப்புனாங்க அம்மா. அரைப் படி போதும்."

"முழுப் படி! வாங்கிக்கலேன்னா உன்னோட பேசமாட்டேன்."

"அரைப் படிக்கு மேல வாங்குனா நான் மனுசனே இல்லைங்க."

சண்டை முற்றிக் கடைசியில் முக்கால் படியில் வந்து நின்றது. விடிந்ததும் அறுப்புக்கு இறங்குவதாகக் கலியபெருமாள் கையடித்துக் கொடுத்தார்.

விடிந்தது. முக்கால் படி ஏற்றியது தெரிந்தால் மற்ற மிராசுதார்கள் வாஞ்சிநாதனை வாசலில் ஏற்றமாட்டார்கள். பேச்சை ரத்துசெய்யக் கிளம்பியவர், வாசலிலேயே கலியபெருமாளைப் பார்த்தார். தலையில் துண்டை இறுகக் கட்டியிருந்தார்.

"ஐயா, நேத்துப் பேசுனது செல்லாதுங்க. கால் படியை விட்டுக்குடுத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா சங்கத்துல என்னைத் தொலைச்சிருவாங்க. எல்லாம் அந்த விஸ்கி பண்ணுன வேலை."

வாஞ்சிநாதனுக்குப் போன உயிர் திரும்பியது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! போதையில பேசினதுக்கு யார் பொறுப்பு? ரெண்டு பேருமே நம்ம வசத்துல இல்லே."

"அப்ப மறுபடி மொதல்லேருந்து சண்டை போடலாங்களா?"

"பேஷாப் போடலாம்!"

தொலைவில் இடி உறுமியது. அகிலாண்டம் அதே இரண்டு வெள்ளி டம்ளர்களில் காபி கொண்டுவந்து நின்றாள்.

"ஏன்னா, பெருமாளுக்கு நைவேத்தியம் பண்ணாம இந்த ஆத்துல நான் யாருக்காவது எதையாவது குடுத்திருக்கேனா? அந்தப் பாட்டிலைப் போய்ப் பெருமாளுக்குக் காட்டுவேனா? நேத்து நீங்க குடிச்சது வெறும் பானகம்."