கழற்ற முடியாத கேரியர்

வீரன் மலையைக் கண்டு அஞ்சமாட்டான். ஹரிபாபுவும் மலையைக் கண்டு அஞ்சியவர் அல்ல. அவருக்குப் பயமெல்லாம் சைக்கிளைக் கண்டுதான்.

"ஒரு தடவை மாட்டினா லேசுல கழட்ட முடியாத கேரியரா குடுங்க" என்றார், திருப்பதி பைபாஸ் ஓரத்துக் கடையில். வெளியே அவருடைய கார் நின்றது. அதன் கூரைமேல் ஏறப்போகும் புத்தம்புதிய சைக்கிள் பக்கத்திலேயே சாய்ந்திருந்தது.

கடைக்காரர் கிரண்குமார் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "இது ரப்பர் கப்பு வச்சது சார். கூரையில அப்படியே ஒட்டிக்கும். எடுக்கறதும் ஈசி."

"வேணாம்."

"இது முன் சக்கரத்தைக் கழட்டிட்டு மாட்டறது. எறக்கி சக்கரத்தைப் போட்டா ரெண்டே நிமிஷத்துல ஓட்டிக்கினு கெளம்பிடலாம்."

"அய்யோ, வேணவே வேணாம்."

"அப்ப இதான். சைக்கிள் முழுசா நிக்கும். இந்த ராடு கை மாதிரி வந்து ஃபிரேமைப் புடிச்சுக்கும். பூட்டு இருக்குது. சாவி இல்லாம பிரம்மாவே வந்தாலும் எறக்க முடியாது."

ஹரிபாபுவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. "இதையே போடுங்க."

"உங்க கிளப்பு சாருங்க எல்லாரும் இதான் சார் வாங்கினாங்க. சைக்கிளும் நம்மகிட்டதான். முள்ளுக் காட்டு ரோட்டுல ஓட்டறாங்க, இதுவரைக்கும் ஒரு பஞ்சர்னு யாரும் வந்ததில்ல. டயர் அப்டி!"

கிளப்பு என்பது, வங்கியின் மண்டல அதிகாரி முனிகிருஷ்ணன் நடத்தும் சைக்கிள் சங்கம். ஞாயிறுதோறும் தலகோனா காட்டு ரோடு வரைக்கும் காரில் போவார்கள். அங்கிருந்து சைக்கிள். உடம்பைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் முனிகிருஷ்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை, எல்லாக் கிளைகளிலும் காலையில் சத்தமாகப் படித்தாக வேண்டும்.

ஹரிபாபு அவருக்குக் கீழே ஒரு கிளை மேலாளர். நாயுடுபேட்டைக்கு யாரைத் தூக்கி அடிக்கலாம் என்று முனிகிருஷ்ணன் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஹரிபாபுவின் மகள் காவ்யா திருப்பதியில் இன்டர் இரண்டாம் வருஷம், நம்மூர் பிளஸ் டூ மாதிரி. புதுவீட்டுக்கு அடித்த பெயிண்டு வாசனைகூடப் போகவில்லை.

"நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று பெரிய சார் முனிகிருஷ்ணன் கேட்டதும், "சின்ன வயசுல நகரியிலேர்ந்து புத்தூருக்கு தினம் சைக்கிள்லதான் சார் போவேன்" என்று வாய் சொல்லிவிட்டது. பொய்யில்லை. மிதித்தது அண்ணன். இவர் பின்னால் உட்கார்ந்து போனார்.

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை நீங்கதான் எல்லாருக்கும் முன்னாடி ஓட்டறீங்க" என்று முடித்துவிட்டார் பெரிய சார்.

காரின் கதவோரத்தில் கொக்கிகளைப் போட்டு கிரண்குமார் இறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு போல்ட்டு இறுகும்போதும் ஹரிபாபு சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

வீட்டில் மனைவி பிரமிளா காருக்கும் சைக்கிளுக்கும் சேர்த்தே பூஜை போட்டாள். ஹாண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின.

"இன்னாங்க, எறக்கி ஒரு ரவுண்டு ஓட்டுங்க. ஸ்டேட்டஸ் வைக்கணும்."

"சும்மா சும்மா எறக்கினா போல்ட்டு லூசாயிடும்."

"சரி, மேலயே இருக்கட்டும். ஓட்டிட்டு வந்த மாதிரி மூஞ்ச வச்சிக்கினு பக்கத்துல நில்லுங்க."

நின்றார். அந்தப் படத்தில் அவர் நிஜமாகவே வேர்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. பாக்கராபேட்டை மலைப்பாதையில் ஹரிபாபு காரை ஓரங்கட்டி, கேரியர் சாவியைக் காட்டுக்குள் வீசினார். கொஞ்ச தூரம் போனதும், கிரண்குமார் இன்னொரு சாவியும் கொடுத்தது நினைவுக்கு வந்தது. நிறுத்தி அதையும் வீசினார்.

காட்டு ரோட்டு முனையில் ஆறு கார்கள் நின்றிருந்தன. ஆறு கூரைகளிலும் சைக்கிள். முனிகிருஷ்ணன் ஹெல்மெட், கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டி, சந்திரனுக்குப் புறப்பட்டவர்போல விறுவிறுவென்று முன்னால் வந்தார்.

"சைக்கிள் மிதிக்கிறது ஒரு தவம்" என்று தொடங்கினார். "உடம்பு வேற, மனசு வேற இல்ல. வியர்வைதான் மனுஷனுக்கு..."

ஹரிபாபுவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சார்! கேரியர் சாவி காணோம் சார். வழியில எங்கியோ விழுந்துட்ச்சி. சைக்கிளை எறக்க முடியாது."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முனிகிருஷ்ணன் கையுறைகளைக் கழற்றினார். பிறகு கனத்த குரலில் சொன்னார்: "ஒருத்தரை விட்டுட்டு மத்தவங்க ஓட்டறது நம்ம கிளப்புல வழக்கமில்ல."

மற்ற ஐந்து பேரும் மிகுந்த துயரத்தோடு தலையாட்டினார்கள். ஆட்டியபடியே டிக்கியைத் திறந்து இட்லிப் பொட்டலங்களை எடுத்தார்கள்.

முனிகிருஷ்ணன் ஹரிபாபுவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு காருக்குப் பின்னால் போனார். நாயுடுபேட்டை பஸ் ஸ்டாண்டு ஹரிபாபுவின் கண்முன் வந்து நின்றது.

"சார், வேணும்னு பண்ணல சார்... பொண்ணு இங்க படிச்சிக்கினு..."

பெரிய சார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து, டிராக் பேண்டை முட்டிவரை சுருட்டினார். ஒரு கீறலும் இல்லாத காலில், முட்டியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று புதுக் கட்டு.

"விடிகாலையில எழுந்து குந்திக்கினு கட்டனேன்யா" என்றார். "இந்த வாரம் சாக்கு சொல்ற முறை என்னுது."