கொளஞ்சியம்மாளின் பிரஷர்

செத்துப்போன மனுஷிக்கு பிரஷர் ஏறுமா? நீங்களே சொல்லுங்க.

நோட்டில் ஏறியிருந்தது. தை மாசம் கண்ணை மூடிய கொளஞ்சியம்மாளுக்கு மாசியில் 158/96. வைகாசியில் 172/104. புரட்டாசி பிறந்து இன்னைக்குக் காலையில் 186/112. மாத்திரை கொடுத்ததாக மாசாமாசம் கையெழுத்து வேறு.

ரத்தக்கொதிப்பு ஆராய்ச்சிக்காக ஊர் ஊராகப் போய், நர்ஸ் எழுதுகிற நோட்டு சரியா என்று வீடு வீடாகப் பார்ப்பதுதான் அறிவுமதியின் வேலை. ரெண்டு வயசு மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, சிதம்பரத்தில் பஸ் ஏறி, வடலூரில் மாறி, காடாம்புலியூர் பக்கம் இறங்கி, முந்திரித் தோப்பு வழியாக நடந்து வந்திருந்தாள். நர்ஸ் சந்திரலேகாவிடம் நோட்டு வாங்கி போனில் படம் எடுத்துக்கொண்டு, மூன்றாவதாக நுழைந்த வீடு இது.

"கொளஞ்சியம்மா இருக்காங்களா?"

வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த மருமகள் பொன்னி, கொட்டைப் பால் பட்டுக் கறுத்துப்போன விரலால் சுவரைக் காட்டினாள். "தோ, அங்க இருக்காங்க."

மாலை போட்ட படம்.

அறிவுமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்ப?"

"தைப்பூசத்துக்கு மறுநாளு."

"அப்புறம் நர்ஸ் வந்து மாத்திரை குடுத்தாங்களா?"

"யாருக்கு, படத்துக்கா?" பொன்னி சிரித்தேவிட்டாள். "நல்லா கேட்டீங்க போங்க! எங்க அத்தை இருந்தப்பவே அந்த நர்சு உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சதில்ல. மூணு ஊரு பாக்குதுல்ல. தலைய ஒரு கையால புடிச்சிக்கிட்டே ஓடும்."

ஓடுகிற ஓட்டத்தில் பொய்க்கணக்கு எழுத மட்டும் நேரம் கிடைக்குதாக்கும்! அறிவுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்று புராஜெக்ட் அதிகாரி கதிரவனுக்குப் போன் போட்டாள்.

"நம்பரை இட்டுக்கட்டி எழுதியிருக்கா. மாத்திரை எங்க போச்சுன்னு கேளு," என்றார் அவர். "சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பு. கடலூர்ல நான் பேசிக்கிறேன். அந்தம்மா வேலைக்கு இன்னையோட முழுக்கு."

துணை சுகாதார நிலையத்தில் ஒரே அறை. மூன்று ஊருக்கு மூன்று நாற்காலி. அதில் இரண்டின் மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த சந்திரலேகா நிமிர்ந்தாள்.

"வாம்மா அறிவு. வெயில்ல மூஞ்சியே வத்திப்போச்சு பாரு. மோர் இருக்கு, குடிக்கிறியா?"

"மோர் வேணாம். செத்தவங்களுக்கு எப்படிக்கா பிரஷர் பாத்தீங்க?"

ஐஸ் வைத்த கை அப்படியே நின்றது.

"கொளஞ்சியம்மா மாத்திரையை வித்துட்டீங்களா?"

"விக்கலம்மா."

"அப்ப வீட்டுல உக்காந்து வாய்க்கு வந்த நம்பரை எழுதுனீங்க. அதான?"

"என்னை என்னா வேணா சொல்லு. நான் எழுதுனதுல பொய் நம்பர் ஒண்ணுகூட கெடையாது."

"ஓகோ! மிஷினைக் கேப்போமா?"

மேஜை மேலிருந்த பிரஷர் மிஷினை இழுத்து, பழைய அளவுகளைக் காட்டுகிற பட்டனை அழுத்தினாள் அறிவுமதி. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் அழுத்தினாள்.

இன்று காலை 6.10. 186/112.

நோட்டில் கொளஞ்சியம்மாளுக்கு எழுதியிருந்த அதே நம்பர்.

அழுத்திக்கொண்டே போனாள். நேற்று காலை 6.05. 180/108. முந்தாநாள், அதே ஆறு மணி. அதற்கு முந்தின நாளும். மனுஷர் யாரும் வைத்தியத்துக்கு வராத நேரம்.

"ஆறு மணிக்கு யாருக்குக்கா பாக்குறீங்க?"

சந்திரலேகா நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவள் கால் இரண்டும் வீங்கியிருப்பது தெரிந்தது.

"ஊருக்கெல்லாம் நான் பாக்குறேன். எனக்கு யாரு பாக்குறா? வேலைக்கு கெளம்பறதுக்கு முன்னால நானே பட்டையைச் சுத்திக்குவேன்."

"அதை உங்க பேர்லயே எழுதலாம்ல?"

"எழுதுனா? காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க உடம்பு நல்லாருக்குன்னு சீட்டு கேப்பாங்க. இந்த நம்பரைப் பாத்தா வீட்டுக்குப் போயி படுன்னுடுவாங்க. எனக்கும் வேலை வேணும்தான், இல்லன்னு சொல்லல." அட்டைப்பெட்டி அடுக்கிய நாற்காலிகளைப் பார்த்தாள். "அந்த ரெண்டு எடத்துக்கும் ஆள் போடறோம் ஆள் போடறோம்னு நாலு வருஷம் ஓடிப்போச்சு. இந்த வாரத்துக்கு மட்டும் மூணு ஊர்லயும் நாலு புள்ளத்தாச்சிங்க பிரசவத்துக்கு நிக்கிறாங்க, அறிவு."

"அப்ப அந்த மாத்திரை?" என்றாள் அறிவுமதி.

"நான்தான் போட்டுக்குறேன். மாசம் ஒரு தரம் டாக்டர் நோட்டைப் பாத்து மாத்திரையைக் கூட்டுவாரு, குறைப்பாரு. நோட்டுல பேரு இருந்தாத்தான். அதான் அந்தம்மா பேரை அடிக்காம வச்சிக்கிட்டேன்."

அறிவுமதியின் போன் அடித்தது. கதிரவன். அவள் எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

சந்திரலேகா எழுந்து, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரைக்கும் போனவள், ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"புதுசா ஒரு ஆள் வர்ற வரைக்கும், கொளஞ்சியம்மாவைச் சாகடிச்சிடாதம்மா."