பாதி சார்ஜ்

சந்துரு விபத்தில் போன பிறகும் அவனுடைய மின்சார ஸ்கூட்டரின் பாட்டரி, கராடியில் இருந்த அவர்கள் ஃப்ளாட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருந்தது. புது ரகப் பாட்டரி, வீணாகக் கூடாதே என்று மனைவி அம்ருதா தினமும் காலையில் சார்ஜ் போட்டு வைப்பாள். மத்தியானம் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங் முடித்து அறையை விட்டு வந்தால், அது காலியாகியிருக்கும், தொட்டால் சுடும். கீழே ஸ்கூட்டர் தூசி படிந்து அப்படியே நிற்கும்.

அன்று மகள் மீனு தலை கலைந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி போயிட்டு வந்தே?"

"அப்பாவோட ஒரு ரவுண்டு. நீதான் எப்பப் பாரு மீட்டிங்ல இருக்கியே! போக பாதி, வர பாதின்னு அப்பா கரெக்டா திரும்பிடுவாரும்மா."

அம்ருதா போய்ப் பாட்டரியைத் தொட்டாள்; சுட்டது.

மறுநாள் பழக்கத்தில் சார்ஜ் போட்டவள், பாதி ஏறியதும் நினைவு வந்து, ஒயரைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினாள். முழு சார்ஜ் இல்லாமல் சந்துரு என்றைக்குமே வண்டியை எடுத்ததில்லை. அந்தத் தைரியத்தில் மீனுவைத் தூங்க வைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தாள்.

முடித்து வந்தபோது கட்டிலில் போர்வை மட்டும் இருந்தது. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. ஆணியில் மீனுவின் குட்டி ஹெல்மெட் இல்லை. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் பாட்டரி காலியாகி, ஆறிப்போய்க் கிடந்தது.