வாத்தும் ஸ்கேன் மெஷினும்

விளக்கணைத்த பிறகு ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. ஜெசிந்தா முயலின் குட்டி கட்டிலிலிருந்து விழுந்து வீறிட்டு அழுதது. நெற்றியில் சின்ன வீக்கம்.

பக்கத்து வீட்டு பிலோமினா வாத்து ஓடிவந்தாள். “ஸ்கேன் எடுத்துடுடி. என் மூத்தவனுக்கு மூணு தடவை எடுத்தாச்சு. படத்தை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன், பார்த்திருப்பியே!”

பிலோமினாவும் தன் குஞ்சுகளோடு கூடவே வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கரடி, முயல் குட்டியைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் வேண்டாம் என்றார். ஜெசிந்தா கேட்காமல் மெஷினிடமே போய் நின்றாள்.

“வாந்தி எடுத்தானா? மயங்கினானா?” என்றது மெஷின்.

“இல்லைங்க. பால் குடிச்சான், என் காதைக் கடிச்சான். ஆனா உள்ளே ஏதாவது ஆகியிருந்தா?”

“என் எக்ஸ்ரே கதிர், குழந்தைக்குச் சும்மா கொடுக்கிற மிட்டாய் இல்லம்மா. பக்கத்திலேயே இருந்து கவனி. வாந்தி வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே வந்து கதவைத் தட்டு. எந்நேரமானாலும் திறக்கிறேன்.”

ஜெசிந்தா குட்டியை அணைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பிலோமினாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. “இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறதா?” என்று தன் மற்ற ஆறு குஞ்சுகளையும் வரிசையாக நிறுத்தினாள். “இதுங்க இன்னும் விழலைதான். நாளைக்கு விழுந்தா மறுபடி வரணுமே, இப்பவே எடுத்துடுங்க.”

மெஷின் மெல்ல நகர்ந்து வந்து கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.