நான்காம் குற்றம்

"குற்றம் ஒன்று. சங்கம் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் நடத்தியபோது, ஏழாம் நாளே சுரங்கத்துக்குள் வேலைக்குப் போனது.

"குற்றம் இரண்டு. அதற்கடுத்த ஆண்டு, கோழிகளை அவிழ்த்துவிட்டு என் கீரைப் பாத்தியை மேயவிட்டது.

"குற்றம் மூன்று. சென்ற மழைக்காலத்தில், சங்கத் தலைவரின் இறுதி ஊர்வலத்தில் தகுதியில்லாமல் முன்வரிசையில் நடந்தது.

"குற்றம் நான்கு. இன்று விடியற்காலை, என் காருக்கு அடியில் புகுந்து, அச்சு மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கிழித்தது."

கபாசோ கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார். வுசாக்கிலே என்னும் சுரங்கக் குடியிருப்பில் அவர் வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. கவிழ்த்த வாளிகளிலும் பியர்ப் பெட்டிகளிலும் பதினோரு சாட்சிகள். குற்றவாளியோ தன் வீட்டு நாற்காலியையே தூக்கி வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரப் படிங்க!" என்றாள் தக்காளி விற்கும் மலாமா.

"முதல்ல குற்றம் நிரூபணமாகணும். பேரு கடைசி வரியிலதான். சங்கத்துல முப்பது வருஷமா அதுதான் முறை. ஆளப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது."

"ஆளுதான் எதிர்லயே உக்காந்து வேர்க்கடல தின்னுட்டிருக்காரே!"

கூட்டம் சிரித்தது. கபாசோ சிரிக்கவில்லை. அந்த வேலைநிறுத்தத்திலிருந்து பதினோரு வருடங்களாக அடுத்த வீட்டுச் சுங்குட்டுவின் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. 'வேலிக்கு அந்தப் பக்கம்' என்பார், அவ்வளவுதான்.

"ஏங்க, கூட்டம் போட இன்னிக்குத்தான் நாள் கெடச்சுதா?" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில புள்ளையயும் தாயையும் அனுப்பிடுவாங்க. 'புள்ளைக்குத் தாத்தா பேரு முடிவு பண்ணிட்டாரா'ன்னு நம்ம பொண்ணு கசூபா ரெண்டு தடவ போன் பண்ணிட்டா."

"அதக் கிழிச்சவன்கிட்ட கேளு! அந்த உறை கிழிஞ்சா உள்ள இருக்கிற கிரீஸ் பூரா வெளிய தெறிச்சுடும். மண்ணு உள்ள போகும். அச்சு மூட்டு தேஞ்சு வண்டி நடுரோட்டுல நிக்கும். பச்சப்புள்ளயோட! இதுக்குப் பேருதான் சதி."

ஜாக்கி ஏறியது. முன்சக்கரம் கழன்று வந்தது. சாட்சிகள் எட்டிப் பார்த்தார்கள்.

உறை கிழிந்துதான் இருந்தது. ஆனால் கிழிசலின் மேல் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, இறுக்கமாக, அழகாகச் சுற்றியிருந்தார்கள். ஓரத்தில் புதுக் கிரீஸ் பிதுங்கியிருந்தது. டியூபின் ஒரு நுனி மட்டும் முடிச்சுப் போடாமல் தொங்கியது.

"கிழிக்க வந்தவன் கட்டுமா போட்டுட்டுப் போவான்?" என்றாள் மலாமா.

சுங்குட்டு கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நேத்து நீ முக்கு திரும்புறப்ப சக்கரத்துல டக்கு டக்குன்னு சத்தம். இன்னிக்குப் புள்ளையக் கூட்டிவரப் போறேன்னு தெரியும். வந்து சொன்னா கதவச் சாத்துவே. அதான் நீ எழுந்திரிக்கறதுக்குள்ள முடிச்சிரலாம்னு பார்த்தேன். கடைசி முடிச்சு போடறப்ப 'திருடன்'னு கத்திட்டே."

"அப்போ கிழிச்சது யாரு?" கபாசோ விடவில்லை. அவர் கேள்வி வானத்தைப் பார்த்து இருந்தது.

சுங்குட்டு குனிந்து விரலால் காட்டினார். உறையின் கழுத்தில் முறுக்கிக் கட்டிய இரும்புக் கம்பி. அதன் முனை மடங்காமல் முள்ளாக நீட்டிக்கொண்டு, வண்டி திரும்பும்போதெல்லாம் ரப்பரைக் குத்தியிருந்தது.

"இந்தக் கம்பியக் கட்டினது யாரு?" என்றார் சுங்குட்டு.

கபாசோவின் மனைவி முந்திக்கொண்டாள்.

"வேற யாரு? மெக்கானிக்கெல்லாம் முதலாளியோட கையாளுன்னு சொல்லிட்டு, போன மாசம் இவரே படுத்து இவரே கட்டினாரு. வெளிய வந்து கைதட்டவும் சொன்னாரு."

வாளியில் உட்கார்ந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் வாளியோடு சாய்ந்தே போனார்.

கபாசோ குற்றப்பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். காருக்கு அடியில் படுத்தார். "யாராவது அந்த நுனியப் புடிங்கப்பா" என்றார், பொதுவாக.

பதினோரு சாட்சிகளும் அசையவில்லை. சுங்குட்டு மட்டும் அடுத்த பக்கமாகப் படுத்தார். இரண்டு நரைத்த தலைகள் மோதிக்கொண்டன.

"இழு."

"இழுத்துட்டுத்தான இருக்கேன்."

"ஏழாம் நாளும் இப்படி விடாமப் புடிச்சிருக்கலாம்."

சுங்குட்டு நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"புடிச்சிருக்கலாம்" என்றார் சுங்குட்டு.

கபாசோ முடிச்சைப் போட்டார். ஒன்றல்ல, இரண்டு.

கார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மணி ஒன்றரை. முக்கில் திரும்பியபோது சத்தமில்லை. முற்றத்தில் ஒருவரும் கலையவில்லை. மக்காச்சோளத்தில் காய்ச்சிய முன்கோயோ பானம் கைமாறிக்கொண்டிருந்தது.

"பேரப் படிக்காம எப்படிப் போறது?" என்றாள் மலாமா. "சாட்சியக் கூப்பிட்டுட்டுப் பாதியில விடற பழக்கம் சங்கத்துல உண்டா?"

"கிடையாது" என்றார் கபாசோ. "எழுதினத அடிக்கிற பழக்கமும் கிடையாது."

இடது கையில் பச்சைத்துணிப் பொட்டலமாகப் பேரன். வலது கையால் சட்டைப்பையிலிருந்து கிரீஸ் பூசிய காகிதத்தை எடுத்து உதறினார். காரிலிருந்து இறங்கிய மகளைப் பார்த்தார். கசூபா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

"மேல உள்ள நாலும் தள்ளுபடி. கடைசி வரிய மட்டும் படிக்கிறேன். சாட்சிங்க நல்லாக் கேட்டுக்கணும்."

பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, மேடையில் பேசும் அதே குரலில் படித்தார்:

"பேரன் பேரு, சுங்குட்டு!"